கேப்சூல் தீர்ந்த பிறகு தலைக்குத் தண்ணீர்

என்னோடு வாய்க்கு வாய் பேசிவிட்டு, கடைசிப் பேச்சை மட்டும் எனக்கு விட்டுக்கொடுத்துப் போன என் பொன்னு மைனிக்கு,

உன்னைக் கொண்டுபோனதை நான் பார்த்துவிட்டேன், மைனி. இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ரோஸ் சாயத்தில் முக்கியெடுத்த சீரகத்தைக் கண்ணாடியில் சிதறவிட்ட மாதிரி, பொடிப்பொடியாக இருந்தது. இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. உன்னை மாதிரி ஒருத்தியைக் கொண்டுபோகிறது பார்க்கக் கொஞ்சம் பயங்கரமாகவாவது இருக்க வேண்டாமா?

இதை யாரிடம் சொல்வது? வேலை முடிந்து மாட்டுங்காவிலிருந்து நடந்து வருகிற வழி முழுக்க வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன். முன்னேயென்றால் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குழாயடியில் உன் காதில் போட்டிருப்பேன். நீயும் "சவத்தைத் தள்ளுளா, ரோஸாவது மஞ்சளாவது" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் லைனில் நிற்கிற அத்தனை பேருக்கும் சொல்லியிருப்பாய்.

நம் லேபர் கேம்ப் படிப்பகத்தில் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். மறைந்தவர்களைப் பற்றி யாராவது எழுதுங்கள் என்றார்கள். எல்லாரும் தலைவர்களைப் பற்றி எழுதுவார்கள், நான் என் மைனிக்கு எழுதுகிறேன் என்றேன். சிரித்தார்கள். பிறகு சரி என்றார்கள். அதனால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: பொன்னு என் அண்ணனின் மனைவி. அதற்கும் முன்னால் எங்கள் மாமா மகள். சின்ன வயதிலிருந்தே எனக்கு அவள் "நீ"தான். கல்யாணமான அன்று பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் "நீங்க" என்று மரியாதையாகப் பேச வேண்டும் என்றார்கள். நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "நீங்க நாங்கன்னு பேசினே, சோறு போடமாட்டேன் பாத்துக்கோ." நான் சோற்றுப் பக்கம் சேர்ந்துகொண்டேன்.

உனக்குத் தெரியாத செய்திகள் நிறைய இருக்கின்றன. தாதர் ட்ராமை நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் சீட்டுக்கு நீயும் நானும் சண்டை போட்ட அந்த ட்ராம்தான். ரேஷனில் அரிசி குறைந்து கோதுமையாகக் கொடுக்கிறார்கள். நீ இருந்திருந்தால் கடைக்காரனுடன் உன் ஹிந்தியில் ஒரு ஆட்டம் ஆடியிருப்பாய். "ஏ பையா, ஏ க்யா, சாவல் கிதர், சாவல்?" அவன் பயந்துபோய் எங்கிருந்தாவது அரிசியை எடுத்திருப்பான். நான் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

நீ படுத்த அந்த மழைக்காலத்தைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. உன்னிடம் மட்டுமாவது பேசுகிறேன். சாக்கடையும் குடிதண்ணீர்க் குழாயும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடுகிற இடம் இது. வீட்டுக்கு ஒருவர் படுத்துக் கிடந்தார்கள். தெரு முக்கு டாக்டர் உனக்குப் பென்சிலின் ஊசி போட்டார். ஊசி என்றால் உனக்கு ஒரு தனி மரியாதை. "ஊசியே போட்டாச்சு, இனி என்ன" என்று தெம்பாகக் கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தாய். காய்ச்சல் உன்னையும் மதிக்கவில்லை, ஊசியையும் மதிக்கவில்லை. பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று சொல்லிக் கேப்சூல் கொடுத்தார்கள். நாலைந்து நாளில் உடம்பு வியர்த்துக் கொட்டி, காய்ச்சல் விட்டது.

காய்ச்சல் விட்டால் நாம் என்ன செய்வோம்? தலைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். வெந்நீரில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு உச்சியிலிருந்து ஊற்றி, நோயைக் கழித்து அனுப்பிவிடுவோம். அப்படி ஊற்றிய உடம்புக்கு அதன் பிறகு மருந்து கிடையாது. கொடுத்தால், வாசல் தாண்டிப் போன நோயைக் கையைத் தட்டித் திரும்பக் கூப்பிடுகிற மாதிரி. இதை யாரும் நமக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. காலையில் எழுந்தால் பல் தேய்ப்பது போல, காய்ச்சல் விட்டால் தண்ணீர்.

"தல நாறுதுளா, சீக்கிரம் ஊத்துங்களேன்" என்று நீயே கெஞ்சினாய். அண்ணன் கெரசின் வாங்கக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் வேப்பிலைக்காகச் சயான் வரை போனேன். பக்கத்து வீடுகளிலிருந்து ஆளுக்கொரு குடம் தண்ணீர் வந்தது. தலையைத் துவட்டிவிட்டு நீ உட்கார்ந்திருந்த அழகை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். மீதி இருந்த கேப்சூலைக் காகிதத்தில் மடித்து, "அடுத்தாப்ல யாருக்கும் காச்சல் வந்தா ஆகும்" என்று சாமி தட்டிலிருந்த தகர டப்பாவில் வைத்தாய். எதையும் வீணாக்காத கை உன்னுடையது.

திரும்பக் காய்ச்சல் வந்தபோது, அது அந்தப் பழைய காய்ச்சல் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அதற்குத்தான் தண்ணீர் ஊற்றியாயிற்றே. அதனால் இது புதுக் காய்ச்சல், மழையில் நனைந்த காய்ச்சல், பலவீனத்தில் வந்த காய்ச்சல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தோம். சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதமாட்டேன்.

நீ போன பிறகும், கொஞ்ச காலம் குழாயடி லைனில் பழக்கதோஷத்தில் உன் குடத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு இரண்டு குடம் வைத்தால் நம் குழாயடியில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? முடியைப் பிடித்துவிடுவார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடத்தைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றுதான் மைனி, இந்த ஊரில் நான் தனியாகிவிட்டேன் என்று தெரிந்தது.

வீட்டுக்குள் இருக்க முடியாமல் வேலைக்குப் போனேன். மாட்டுங்காவில் ரத்தம், மலம், மூத்திரம் எல்லாம் பரிசோதிக்கிற ஒரு இடத்தில் பாட்டில் கழுவ ஆள் கேட்டார்கள். அங்கே டாக்டரம்மா ஒருத்தர். செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பூண்டு வாசனை பட்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆனால் கசாப்புக் கூடத்திலிருந்து வருகிற மாட்டுப் பித்தநீரைத் தானே அடுப்பில் வைத்துக் காய்ச்சி வடிகட்டுவார். டைபாய்டு கிருமிக்கு அந்தப் பித்தம்தான் விருந்துச் சாப்பாடாம். நோயாளியின் ரத்தத்தை அதில் விட்டு வைத்தால், மற்றதெல்லாம் வாடிப்போக, இது மட்டும் செழிப்பாக வளருமாம். இதைக் கேட்டிருந்தால் நீ அந்த டாக்டரம்மாவை என்ன பாடு படுத்தியிருப்பாய்!

நான் மெட்ரிக் வரை படித்தவள் என்று தெரிந்ததும் எனக்குச் சாயம் போடுகிற வேலையைக் கொடுத்தார். அதை உனக்குச் சொல்கிறேன், கேள். கண்ணாடித் துண்டில் ஒரு பொட்டு தடவி, தீயில் லேசாகக் காட்டி, முதலில் ஊதாச் சாயம். அதன் மேல் அயோடின். அப்புறம் ஸ்பிரிட் விட்டுக் கழுவ வேண்டும். சில கிருமிகள் என்ன கழுவினாலும் ஊதாவை விடாது. சில கிருமிகள் மொத்தச் சாயத்தையும் விட்டுவிட்டு வெறுமனே நிற்கும். அதற்கு மேல் ரோஸ் சாயம் போட்டால், வெறுமனே நின்றதெல்லாம் ரோஸாகிவிடும். ஊதா நின்றால் கிராம் பாசிட்டிவ். ரோஸாகப் போனால் கிராம் நெகட்டிவ்.

ரோஸில் இருக்கிறதெல்லாம் டைபாய்டு இல்லை. காலராவும் ரோஸ்தான். சீதபேதிக் கிருமி ஒன்றும் ரோஸ். நம் வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கிறதும் ரோஸ். எது எது என்று டாக்டரம்மா அப்புறம் இன்னும் பல பரீட்சை வைத்துத்தான் சொல்வார். ஆனால் ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டார்: இந்த ரோஸ் கூட்டத்தின் தோலே வேறு மாதிரி, பென்சிலின் ஊசிக்குப் பெரும்பாலும் மசியாது. எனக்கு முக்கு டாக்டரின் ஊசியும், தெம்பாகக் கஞ்சி கேட்ட உன் முகமும் ஞாபகம் வந்தது. அன்று மூன்று கண்ணாடித் துண்டுகளை உடைத்தேன்.

இனி, நான் தள்ளித்தள்ளிப் போடுகிற செய்திக்கு வருகிறேன். அண்ணன் மறுபடி கல்யாணம் செய்துகொண்டான். குர்லா பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து, தானே கஞ்சி வைத்துக் குடித்து எத்தனை நாள் இருப்பான்? சொந்தக்காரர்கள் பார்த்து முடித்தார்கள். அம்பாசமுத்திரம் பக்கம். பெயர் லட்சுமி. என்னைவிட இளையவள். நல்ல பெண். அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவளாக இருந்திருந்தால் என் பாடு சுலபமாக இருந்திருக்கும்.

அவளை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்? மைனி என்றுதான். எனக்கு வாயில் வரவில்லை. முறைக்கு மூத்தவளைப் பெயர் சொல்லியும் கூப்பிட முடியாது. "இந்தாங்க", "பாருங்க", "அண்ணன் தேடுது" என்று காலத்தை ஓட்டினேன். அவளும் புரிந்துகொண்டு, நான் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். இருப்பது ஒரே அறை. நான் ஏணி வைத்துப் பரணில் படுத்துக்கொள்கிறேன். உத்தரத்துக்கு ஒரு முழம் கீழே முகத்தை வைத்துக்கொண்டு, உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு தூங்கிப்போவேன்.

இந்த மழைக்காலத்தில் லட்சுமிக்குக் காய்ச்சல் வந்தது. விடவேயில்லை. அவளுடைய அம்மா ஊரிலிருந்து ரயிலேறி வந்து இறங்கினார். நான் கட்டாயப்படுத்தி டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுத்துக்கொண்டார். அன்றைக்கே கேப்சூலும் எழுதிக் கொடுத்துவிட்டார். குளோராம்பெனிகால் என்று பெயர். உனக்குக் கொடுத்த அதே கேப்சூல்தான். இரண்டு வாரம் சாப்பிட வேண்டும் என்றார். கூட வந்த அண்ணன் அந்தச் சீட்டில் இருந்த மருந்துப் பெயரை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ரத்தத்தில் கிருமி வளர நாளாகும். வளர்ந்த அன்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்காத்து ஸாம்பிள்தான். நீயே ஸ்டெயின் பண்ணிப் பாரு" என்றார். ஊதா, அயோடின், ஸ்பிரிட், ரோஸ். கண்ணை வைத்தேன். நான் முதலில் சொன்னேனே, அந்தச் சீரகம். அதுதான்.

"காய்ச்சல் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நேத்து ராத்திரியே எறங்கிட்டு. இப்ப நல்லா இருக்காவ."

"நல்லா இருக்கான்னு நெனைச்சுண்டு மருந்தை நிறுத்திடப்போறேள். இந்த மருந்து கிருமியைக் கொல்லாதும்மா. வளரவிடாம அப்படியே நிறுத்தி வெக்கும், அவ்ளோதான். மீதியை உடம்புதான் மெதுவா முடிக்கணும். பாதியில விட்டா இது மறுபடி எழுந்துண்டு வரும். போதாக்குறைக்கு மருந்தும் அதுக்குப் பழகிப்போயிடலாம்."

அவர் சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன், மைனி. வெந்நீரும் வேப்பிலையுமாக நாம் எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்ற அந்தக் காலை நேரத்தில், உன் உடம்புக்குள் அது சாகாமல் வெறுமனே நின்றுகொண்டிருந்திருக்கிறது. மருந்து எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டு. யாரைப் போய் நான் திட்டுவது? அண்ணனையா? தண்ணீர் கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரர்களையா? உன்னையா? உனக்குத் தெரிந்திருந்தால், இன்னும் ஒரு வாரம் நாறின தலையோடு இருந்திருக்க மாட்டாயா?

அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே வேப்பிலை வாசனை.

அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அறை மூலையில் நாம் குளிக்கிற மோரியில் மணைக்கட்டை போட்டிருந்தது. அதில் லட்சுமி முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பச்சைத் தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாம்மா, நல்ல நேரத்துக்கு வந்தே" என்றார் லட்சுமியின் அம்மா. "காச்ச சுத்தமா விட்டுட்டு. இன்னைக்கு ஊத்திருவோம்."

"ஊத்தக் கூடாது அத்தை. மாத்திரை இன்னும் பாதி இருக்கு."

"காச்சலே இல்ல, மாத்திரை எதுக்கு? காச்ச விட்ட பெறவும் ஊத்தாம வச்சிருந்தா சீக்கு ஒடம்புலயே தங்கிரும்."

"சீக்கு இன்னும் உள்ளதான் இருக்கு. இப்பத்தான் பாத்துட்டு வாறேன். ரோஸ் கலர்ல."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னது, ரோஸ் கலரா? எம் மவ ஒடம்புக்குள்ளயா? பட்டணத்துல என்னவெல்லாம் சொல்லுதாவ!" என்று சிரித்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடு வடிவு. பெரியவுக சொல்லுதாவ. ஒரு செம்பு தண்ணிதானே" என்றான்.

ஒரு செம்பு தண்ணீர்தானே! எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மூலையில் கிடந்த அழுக்கு மூட்டையை எடுத்து, அண்ணனின் பட்டறைச் சட்டை, கால்சட்டை, கிரீஸ் துடைக்கிற துணி எல்லாவற்றையும் அந்த வெந்நீருக்குள் முக்கிவிட்டேன். வேப்பிலை கறுத்து மேலே மிதந்தது.

"ஏ மூதி!" அத்தை பாய்ந்து வந்தார். "எம் மவளுக்கு வச்ச தண்ணியில அழுக்கையா போடுதே? அவ அந்த எடத்துக்கு வந்தவன்னுதானே இத்தனையும்? எனக்குத் தெரியாதா? ஒரு நாளாவது வாய் நெறைய மைனின்னு கூப்பிட்டிருக்கியா?"

என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"ஆமா அத்தை. அந்த எடத்துக்கு வந்தவுகதான். அந்த எடத்துல இருந்தவளுக்கும் காச்சல் இப்படித்தான் விட்டுது. இதே மோரியில, இதே மணையில வச்சு, இதே மாதிரி வேப்பிலை போட்டுத்தான் ஊத்துனோம். மிச்ச மாத்திரையை டப்பாவுல மூடி வச்சோம். அப்புறம் அது திரும்பி வந்துச்சு. வந்தது எங்களுக்குத் தெரியல. தண்ணி ஊத்தியாச்சே, எப்படித் தெரியும்?"

நீ போனதிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் இதைச் சொன்னதில்லை, மைனி. சொன்னதும் அறையே சின்னதாகிவிட்டது போல இருந்தது. அண்ணன் குடத்துப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தான். "நாந்தான் கெரசின் வாங்கிட்டு ஓடி வந்தேன்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டான்.

லட்சுமிதான் முதலில் அசைந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவிழ்ந்த முடியை அப்படியே அள்ளி முடிந்தாள். பாய்க்கு வந்து உட்கார்ந்து, "எனக்கு மாத்திரையக் குடுங்க" என்றாள்.

அத்தை கொஞ்ச நேரம் அழுதார். பிறகு என்னிடம், "அப்பம் ஊத்தவே கூடாதா?" என்று சின்னக் குழந்தை மாதிரி கேட்டார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. "யாரு சொன்னா? நல்லா ஊத்துவோம் அத்தை. காச்ச விட்ட அன்னைக்கு இல்ல, கேப்சூல் தீருத அன்னைக்கு" என்றேன். அது அவருக்குப் பிடித்துப்போனது. தண்ணீர் ஊற்ற ஒரு நாள் இருக்கிறது, அந்த நாள் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போகிறது. அவ்வளவுதானே வேண்டியிருந்தது!

அதற்குப் பிறகு அத்தை செய்த காவலை ஆஸ்பத்திரி நர்ஸ்கூடச் செய்யமாட்டாள். பக்கத்து வீட்டு ரேடியோவை வைத்து நேரம் பார்த்துக்கொள்வார். "செய்தி சொல்லுதான், மாத்திரைய முழுங்கு" என்று அதட்டுவார். லட்சுமி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

நான் சாயங்காலம் வந்ததும் ஈரத்துணியால் லட்சுமிக்குக் கழுத்தும் கையும் துடைத்துவிடுவேன். அப்படி ஒரு நாள் துடைக்கும்போது, என்னைப் பார்க்காமலே, "அவுக எப்படி இருப்பாவ?" என்று கேட்டாள்.

யாரை என்று நான் கேட்கவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். உன் ஹிந்தியைச் சொன்னேன். காய்கறிக்காரனிடம் முருங்கைக்காய்க்கு ஹிந்தியில் பேர் தெரியாமல், நீ கையை நீட்டி முறுக்கி நடித்துக் காட்டியதையும், அவன் பாம்பு என்று நினைத்துக் கூடையை விட்டு ஓடியதையும் சொன்னேன். லட்சுமி சிரித்துச் சிரித்து, உடம்பு தாளாமல் படுத்துக்கொண்டாள். மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாளும். உன் பெயரை இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று! நீ போனதைவிட, உன்னைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்காததுதான் என்னை அதிகம் தனியாக்கியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் கேட்க வந்தவள் யார் பார்த்தாயா? நான் மைனி என்று கூப்பிடாத அவள்.

கேப்சூல் தீர்ந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. அத்தை விடிந்ததிலிருந்தே வெந்நீரைச் சுற்றிச்சுற்றி வந்தார். நான் கிட்டே போனால் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு நின்றார். எல்லாம் தயாரானதும் செம்பை என் கையில் வைத்து, "நீயே ஊத்து" என்றார்.

அதே மோரிதான், மைனி. அதே மணைக்கட்டை. முதல் செம்பை எடுக்கும்போது கை தூக்கவில்லை. இதற்கு முன்னால் இந்த இடத்தில் ஊற்றிய தண்ணீர் யாருக்கு என்று எனக்கும் தெரியும், வாசலில் திரும்பி நின்றுகொண்டிருந்த அண்ணனுக்கும் தெரியும். லட்சுமி குனிந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடு, மைனி" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. தண்ணீரோடு சேர்ந்து அதுவும் வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ம்" என்றாள். அவளுடைய தோள் குலுங்கியது. காய்ச்சலில் செத்த முடி கொத்துக்கொத்தாக என் கையோடு வந்தது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அன்று மத்தியானம் பரணுக்கு ஏறிப்போய் அழுதேன். அவளுக்காகவா, உனக்காகவா என்று கேட்காதே. உன்னுடைய பெயரை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேன் என்று பயமாக இருந்தது. உனக்குக் கோபமா, மைனி? கோபம் என்றால் வந்து சண்டை போடு. நான் குழாயடியில்தான் இருப்பேன்.

அவள் இப்போது நன்றாக நடமாடுகிறாள். டாக்டரம்மா மறுபடி பரிசோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். சாமி தட்டில் நீ மடித்து வைத்த பழைய கேப்சூலைத் தூக்கிப் போடச் சொன்னார், போட்டுவிட்டேன். டப்பாவைப் போடவில்லை. அதில் அவள் ஹேர்பின் போட்டு வைத்திருக்கிறாள். உன்னைக் கேட்காமல் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆனாலும் தனிமை போய்விடவில்லை. உன்னிடம் பேசுகிற பேச்சு வேறு. அதை அவளிடம் பேசமுடியாது. அவளும் அதைக் கேட்கவில்லை. குழாயடியிலிருந்து திரும்பும்போது சில நாள் இடுப்பை மாற்றிக் குடத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் யாரோ வருகிற மாதிரி நடையை மெதுவாக்குகிறேன். நம் தெரு முனை வந்ததும் சரியாகிவிடும்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுக்கிறேன். எங்கள் இடத்துக்கு டைபாய்டு ரிப்போர்ட் வாங்கிப் போகத் தாராவியிலிருந்து வருவார்கள், சுனாபட்டியிலிருந்து வருவார்கள். காகிதத்தை அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொருவரிடமும் நான் ஒன்று கேட்பேன்: "தலைக்கு என்னைக்குத் தண்ணி ஊத்தப்போறீங்க?" காய்ச்சல் விட்ட அன்றைக்கு என்று அவர்கள் சொல்வார்கள். அப்போது உட்காரவைத்து உன்னைப் பற்றிச் சொல்வேன். எத்தனை பேர் வந்தாலும், எத்தனை தடவையானாலும், முதலிலிருந்து சொல்வேன். கிருமியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் உன் ஹிந்தியைச் சொல்வேன். ஆள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தானே, ஒரு செம்பு தண்ணீரில் என்ன போயிற்று என்று புரியும்.

இப்படிக்கு,
முதலில் உனக்கும், இப்போது இன்னொரு மைனிக்கும் நாத்தனாரான
வடிவு
மாட்டுங்கா லேபர் கேம்ப்